மூன்று தட்டு

கணவன் ஆற்றுக்குள் போய் அறுபத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தபோது, அவனைத் தேடிக் கரையோரமாக மதகு வரை போயிருந்த கொழுந்தனிடமிருந்து ஃபோன் வந்தது.

அவள் அப்போது படகுக்குள் குந்தியிருந்தாள். ஃபோன் கொட்டகை மேசையில் ஆணி டப்பாக்களுக்கு நடுவே கிடந்து அதிர்ந்தது.

"யாருன்னு பாரும்மா," என்றார் மாமனார், படகுக்கு வெளியிலிருந்து.

விளிம்பைத் தாண்டி இறங்கிப் போய்ப் பார்த்தாள். "தம்பிதான் மாமா. இங்க சரியா கேக்காது," என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போனாள்.

கொழுந்தன் பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது. அதில் பாதி அழுகை. கடைசியாகச் சொன்னது மட்டும் தெளிவாக இருந்தது.

"நான் வந்து சொல்லிக்கிறேன் அண்ணி. ரோடெல்லாம் தண்ணி. டிராக்டர் ஒண்ணு சொல்லியிருக்கேன், ராத்திரிக்குள்ள வந்துடுவேன். அதுவரைக்கும் அப்பாகிட்டயும் அம்மாகிட்டயும் மூச்சு விடாதீங்க. இது ஃபோன்ல கேக்கற விஷயமில்ல."

"சரி," என்றாள். அவள் பேசியது அந்த ஒரு சொல்தான்.

குழாயடியில் நின்று கையைக் கழுவினாள். அலுமினியத் தூள் சோப்புக்கு லேசில் போகாது. இரண்டாம் முறை சோப்பு போட்டாள். அழுகை வரும் என்று சற்றுக் காத்திருந்தாள். வரவில்லை. குழாயை மூடிவிட்டு உள்ளே வந்தாள்.

"என்னவாம்?"

"மதகுப் பக்கம்தான் இருக்காராம் மாமா. ரோட்டுல தண்ணியாம். டிராக்டர் பிடிச்சு ராத்திரிக்கு வருவாராம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"வெறுங்கையோட வர்றதுக்கு ஒரு டிராக்டர் வேற," என்றார். "ஏறும்மா. வெளிச்சம் இருக்கறப்பவே முடிக்கணும்."

அவள் ஏறினாள்.

படகு இரண்டு மரத் தாங்கிகளின் மேல் இடுப்பு உயரத்தில் நின்றது. பழைய அலுமினியப் படகு. வீட்டுப் படகு என்பதால் பழுதுபார்க்கும் கொட்டகையில் எப்போதும் அதற்குக் கடைசி இடம். யாராவது ஒருவர் அவசரம் என்று தன் படகைத் தள்ளிக்கொண்டு வருவார். இது சுவரோரம் ஒதுங்கும். அடித்தகடும் பக்கத்தகடும் சேரும் மூட்டில் தண்ணீர் கசிகிறது என்று மழைக்காலத்துக்கு முன்பே தெரியும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பாவும் மகனும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆறு எந்த வாரத்துக்கும் காத்திருக்கவில்லை. பம்ப் ஹவுஸ் கூரை மேல் நான்கு பேர் மாட்டிக்கொண்டார்கள் என்று நடுராத்திரிக்குச் சற்று முன்பு ஆள் வந்தபோது, ஓடுகிற நிலையில் கொட்டகையில் இருந்தது வேறொருவருடைய ஃபைபர் படகுதான். அவள் கணவன் அதை எடுத்துக்கொண்டு போனான். நான்கு பேரையும் கரையில் இறக்கினான். ஐந்தாவதாக ஒரு ஆள் குரல் கேட்கிறது என்று திரும்பிப் போனான். ஐந்தாவது ஆள் என்று யாரும் இல்லை என்பது விடிந்தபிறகு தெரிந்தது. ஃபைபர் படகு பாலத்துத் தூணில் மோதிக் கவிழ்ந்து கிடந்தது.

மீட்புக்காரர்கள் ஒன்றரை நாள் தேடினார்கள். இழுப்பு குறையட்டும், அப்புறம் இறங்குகிறோம் என்று சொல்லிவிட்டுக் கரையேறினார்கள்.

"அவங்களுக்கு ஆறு வடியணும்," என்றார் மாமனார் அன்று மாலை.  வீட்டுப் படகைச் சுவரோரத்திலிருந்து நடுவுக்கு இழுத்தார். உள்ளே குழாயை விட்டு முழங்கால் அளவு தண்ணீர் நிரப்பினார். கீழே படுத்து டார்ச் அடித்து, தகடுகளைக் கோக்கிற எந்தெந்த ரிவெட் ஆணியின் அடியில் சொட்டு திரள்கிறதோ அதையெல்லாம் சிவப்பு மார்க்கரால் வட்டம் போட்டார். எழுந்தபோது அவர் தலையிலும் சட்டையிலும் தண்ணீர் வழிந்தது. மூட்டு நெடுக வட்டங்கள். முன்னால் இந்தப் படகை வைத்திருந்தவர் நான்கு இடத்தில் இரும்பு போல்ட்டு போட்டிருந்தார். ஈரத்தில் இரும்பும் அலுமினியமும் ஒட்டிக்கொண்டிருந்தால் தேய்வது அலுமினியம்தான். போல்ட்டைச் சுற்றித் தகடு வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. அங்கெல்லாம் ஒட்டுத்தகடு வைக்க வேண்டியிருந்தது.

அதெல்லாம் நேற்று ராத்திரியோடு முடிந்தது. இன்று ரிவெட் அடிப்பு.

ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே இருப்பவர் ரிவெட்டைக் கசிவடைக்கும் சீலன்ட் பசையில் தோய்த்து ஓட்டையில் நுழைத்துத் தலையில் அடிப்பார். உள்ளே இருப்பவர், உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் வாலுக்கு எதிராக ஒரு இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க வேண்டும். வெளியே விழுகிற அடி உள்ளே வந்து கட்டியில் மோதி, வால் நசுங்கிப் பொத்தானாக உட்காரும். அப்போதுதான் இரண்டு தகடும் கவ்விக்கொள்ளும். வால் எப்படி உட்கார்ந்தது என்று உள்ளே இருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். சுத்தியல் சத்தத்தில் பேச்சு கேட்காது. அதனால் தட்டு. கட்டியால் தகட்டில் ஒரு தட்டு என்றால், இன்னும் அடி. இரண்டு என்றால், போதும், நல்லா இருக்கு. மூன்று என்றால், கெட்டுப்போச்சு, எடுத்துடு.

உள்பக்கம் கணவனுடைய இடம். அவன் வெளியூர் போன நாட்களில் அவள் பிடித்துப் பழகியிருந்தாள். அவளும் அவனுமாக வேலை செய்யும்போது அவன் வெளியே இருந்துகொண்டு ஐந்து தட்டு தட்டுவான். அதற்கு என்ன அர்த்தம் என்று முதல் தடவை எட்டிப் பார்த்துக் கேட்டாள். "டீ வேணும்னு அர்த்தம்" என்றான்.

"பிடிச்சியா?"

"பிடிச்சிருக்கேன் மாமா."

அடி விழுந்தது. கட்டி வழியாக மணிக்கட்டுக்கும் மணிக்கட்டு வழியாகப் பல்லுக்கும் ஏறியது. அவள் கண்ணை வாலை விட்டு எடுக்கவில்லை. வேலை நடக்கும்வரை வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு தட்டு. அடுத்தது. இரண்டு தட்டு. அடுத்தது.

அத்தை டீ கொண்டுவந்தாள். டம்ளர்களைப் படகின் விளிம்பில் வைத்துவிட்டு மாமனாரிடம் பேசாமல் மருமகளிடம் பேசினாள். மூன்று நாளாக அப்படித்தான்.

"எப்ப இறக்கறாராம்?"

"விடியக்காலைல," என்றார் அவரே. "இன்னிக்கு அடிச்சு முடிச்சு, மூட்டு நெடுக சீலன்ட் பூசிட்டா, விடியறப்ப இறக்கிடலாம்."

"காய வேண்டாமா அது?"

"காஞ்சுடும்."

"நாப்பத்தெட்டு மணி நேரம்னு டியூப்லயே போட்டிருக்கு மாமா," என்றாள் அவள்.

"டியூப்ல எழுதினவன் ஆத்தைப் பாத்திருக்கானா?"

"அவன் பாக்கல. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள் அத்தை. "மரத்தை வேரோட கொண்டுட்டு வருது. ஒருத்தனை அனுப்பிட்டு வாசலைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். ரெண்டாவது ஆளையும் அனுப்பிட்டு நான் எந்தச் சுவத்துல போய் முட்டிக்கிறது? கேளும்மா அவரை. நீ கேட்டா பதில் சொல்வாரு. நான் கேட்டா சுத்தியல்தான் சொல்லும்."

சுத்தியல்தான் சொன்னது. அத்தை காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டாள். படியில் நின்று திரும்பினாள்.

"சின்னவன் ஃபோன் பண்ணானா?"

"பண்ணாரு அத்தை. ராத்திரி வராராம்."

"குரல் எப்படி இருந்துச்சு?"

அவள் கட்டியைத் துணியில் துடைத்தாள். "சளி பிடிச்ச மாதிரி," என்றாள்.

"தண்ணியிலயே நின்னா பிடிக்காம என்ன பண்ணும்," என்று சொல்லிக்கொண்டே அத்தை உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அடித்த ரிவெட்டா, அதற்கு அடுத்ததா என்று அவளுக்கு நினைவில்லை. வால் நன்றாகவே உட்கார்ந்தது. சட்டைப் பொத்தான் மாதிரி வட்டம், சுற்றிலும் ஒரே உயரம். அன்று அடித்ததில் அதுதான் நேர்த்தி. அவள் கட்டியால் தகட்டை மூன்று முறை தட்டினாள்.

தட்டியபிறகுதான் தட்டியது தெரிந்தது.

வெளியே சத்தம் இல்லை.

"மூணா?" என்றார்.

"மூணு மாமா."

"என்ன ஆச்சு?"

"சாஞ்சிடுச்சு."

"நேராத்தானே அடிச்சேன்," என்றார். அவளிடம் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு டிரில் சத்தம் கேட்டது. தலையைத் துளைத்து, உளியால் ஒரு தட்டு தட்டினார். வால் கழன்று அவள் கால் பக்கத்தில் விழுந்தது. தொட்டால் இன்னும் சூடு.

ஒரு ரிவெட்டை எடுத்து, ஓட்டையைச் சுத்தம் செய்து, பழைய சீலன்டைச் சுரண்டி, புதிதாக அடிக்கக் கால் மணி நேரம் போகும். இப்படி நாலைந்து போனால் இருட்டிவிடும். இருட்டினால் மூட்டுக்குச் சீலன்ட் பூச முடியாது. அதற்குள் கொழுந்தன் வந்துவிடுவான். அவன் வந்தால் அவன் வாயால் சொல்லிவிடுவான், யாரும் ஆற்றில் இறங்க வேண்டியிருக்காது. அவளும் அவர்களோடு சேர்ந்து அப்போதுதான் கேட்டதுபோல இருந்துவிடலாம். இதைத் திட்டம் என்று சொல்ல முடியாது. கை முதலில் செய்துவிட்டது, மூளை பின்னால் வந்து காரணம் சொன்னது.

இரண்டு நல்ல ரிவெட்டுக்கு இரண்டு தட்டு. அடுத்த நல்ல ரிவெட்டுக்கு மூன்று.

"மறுபடியுமா?"

"ஆமா மாமா."

அவர் எழுந்து வந்து பார்ப்பார் என்று பயந்தாள். அவர் வரவில்லை. தட்டைச் சந்தேகப்படுவது அந்தக் கொட்டகையில் வழக்கமில்லை. உள்ளே இருப்பவர் சொன்னால் சொன்னதுதான்.

மூன்றாவது முறை அவர் எதுவும் கேட்கவில்லை. டிரில் மட்டும் ஓடியது. நான்காவது முறை டிரிலை எடுக்க நேரமானது.

அப்போது மோட்டார் மெக்கானிக் வந்து சேர்ந்தான். ஊர் முழுக்க அவனை 'ஒரே இழுப்பு' என்றுதான் கூப்பிடும். எந்த மோட்டாரைக் கொடுத்தாலும் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும் என்று சொல்லித்தான் கொடுப்பான். தோளில் ஒரு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு சேற்றுக் காலோடு உள்ளே வந்தான்.

"அண்ணே, கொண்டாந்துட்டேன். நல்ல கண்டிஷன். ஒரே இழுப்பு."

"உன் இழுப்பு எனக்குத் தெரியாதா? போன தடவை இழுத்ததுல தோள்பட்டை கழண்டுது."

"இது வேற மோட்டாருண்ணே."

"ஆளு அதே ஆளுதானே?"

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. மோட்டாரைச் சாக்கின் மேல் இறக்கினான். குனிந்து மூட்டைப் பார்த்தான்.

"என்னண்ணே, அடிச்ச எடத்துலயே அடிச்சிட்டிருக்கீங்க?"

சுத்தியலைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"கை போயிடுச்சுடா," என்றார் மாமனார்.

"என்னது?"

"கை. நேரா அடிக்கறேன்னு நினைச்சு அடிக்கிறேன், உள்ள சாஞ்சு போகுது. இது நாலாவது. என் ஆயுசுல ஒரே நாள்ல நாலு சாஞ்சதில்ல."

"மூணு நாளா தூங்கல, ஒழுங்கா சாப்பிடல. கை என்ன பண்ணும்?"

"இதைத்தான் பண்ணும்," என்றார். "பாரு. நீட்டினா நிக்குது. சுத்தியலை எடுத்தா என்ன ஆகுதுன்னு தெரியல. எனக்கே தெரியாம நடுங்குது போல. அந்தப் பொண்ணு பாவம், ஒவ்வொரு தடவையும் எப்படிடா சொல்றதுன்னு மெதுவா தட்டுது."

அவள் படகின் அடியில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். காலைச் சுற்றி, படகின் குறுக்கே ஓடும் விலாச்சட்டங்களுக்கு நடுவே நான்கு வால்கள் கிடந்தன. நான்கும் கச்சிதமான பொத்தான்.

"நானும் கூட வரேண்ணே நாளைக்கு," என்றான் மெக்கானிக்.

"நீ எதுக்கு? ஓட்டைப் படகுல ஆளு குறைஞ்சாத்தான் நல்லது. மோட்டாரு குடுத்தேல்ல, போதும்."

மெக்கானிக் போகிற சாக்கில் படகைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தான். விளிம்பில் கையை வைத்துக் குரலைத் தாழ்த்தினான்.

"நீயாச்சும் எடுத்துச் சொல்லும்மா. வளைவுல சுழி போட்டு உள்ள இழுக்குது. பெரிய லாஞ்சே தாங்காது. இந்தத் தகரம் எம்மாத்திரம்?"

"சொல்றேண்ணே."

"உன் கஷ்டம் எனக்குப் புரியுது. அவரு போய்த் தேடினா ஒருவேளை கிடைப்பாரோன்னு உனக்கும் இருக்கும். ஆனா..."

"சொல்றேண்ணே," என்றாள் மறுபடி.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான். அவனிடமாவது சொல்லியிருக்கலாம். அவன் வாயில் எதுவும் நிற்காது, அவனே எல்லோரிடமும் சொல்லியிருப்பான். ஆனால் அவனிடம் சொல்வதற்கும் அந்தச் சொற்களை அவள் தன் வாயால் சொல்லியாக வேண்டும்.

"ஓட்டை பெருசாயிடுச்சும்மா," என்றார் மாமனார். "அடுத்த சைஸ்தான் போகும். கையில ரெண்டுதான் இருக்கு."

"சரி மாமா."

"இங்க வந்து பாரு, இந்தக் கடைசி ஓட்டையை. ஓரத்துக்கும் ஓட்டைக்கும் நடுவுல ஒரு நூல் தகடுதான் மிச்சம். இழுத்தா கிழிஞ்சிடும்."

அவள் விளிம்பின் மேலாகக் குனிந்து பார்த்தாள். தலைகீழாகத் தெரிந்தது. அவர் சொன்னது சரிதான். காலையில் அந்த இடத்தில் சற்றுத் தளர்ந்த ஒரு ரிவெட் மட்டும் இருந்தது, மாற்றினால் இன்னும் பல வருஷம் தாங்கியிருக்கும். அவளுடைய மூன்று தட்டுகளால் இப்போது அது கிழியத் தயாராக இருந்தது.

"அப்ப நாளைக்கு இறக்க முடியாதுதானே மாமா?" என்றாள். குரலில் ஆசை தெரிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

"ஏன் முடியாது?"

"கிழிஞ்சிடும்னீங்களே."

"கிழிஞ்சா கிழியட்டும். மேல ஒரு துண்டு வச்சு சீலன்டை அப்பிடறேன். மிச்சம் உள்ள வர்ற தண்ணியை அள்ளி ஊத்திக்கலாம். வாளி இருக்குல்ல?" ஒரு ரிவெட்டை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டினார். "எனக்கு நல்ல படகு வேண்டாம்மா. போற படகு இருந்தாப் போதும். வளைவு வரைக்கும் போகணும். அங்க நாணல் காடு இருக்கு. அந்த மீட்புக்காரங்க அதுக்குள்ள போகவே இல்ல. அவன் எதையாவது பிடிச்சுக்கிட்டு இருப்பான். சின்ன வயசுலயே அவன் ஒண்ணைப் பிடிச்சா விடமாட்டான்."

அவள் மறுபடி உள்ளே உட்கார்ந்தாள்.

இதை அவள் யோசித்திருக்கவில்லை. படகு கெட்டால் நின்றுவிடுவார் என்று நினைத்தாள். அவர் கெட்ட படகோடு போவார். நல்ல மூட்டோடு போயிருக்க வேண்டியவர், அவள் கெடுத்த மூட்டோடு போவார். கொழுந்தன் ராத்திரிக்குள் வருவான் என்பதும் ஒரு பேச்சுதான். டிராக்டர் எங்காவது நின்றுபோனால், அவன் வருவதற்கு முன் விடிந்துவிடும்.

அடுத்த ரிவெட் வந்தது. சுமாராகத்தான் உட்கார்ந்தது, ஆனால் தாங்கும். இரண்டு தட்டு தட்டினாள். அதற்கு அடுத்ததற்கும் இரண்டு. உண்மையாகத் தட்டினாள். இனிமேல் எல்லாவற்றுக்கும் உண்மையாகத் தட்டுவது, மீதியை ராத்திரி பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

சுத்தியல் நின்றது.

"நிஜமாவே நல்லா இருக்கா?" என்றார்.

"இருக்கு மாமா."

"எனக்காகச் சொல்லாத."

"இல்ல மாமா. நல்லாத்தான் இருக்கு."

 அவர் உட்கார்ந்திருந்த வாளி நகர்கிற சத்தம் கேட்டது. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"நீ வெளிய வாம்மா," என்றார். "நீ அடி. நான் உள்ள பிடிக்கிறேன்."

"வேண்டாம் மாமா. எனக்கு நேரா அடிக்க வராது."

"என்னைவிட நேரா அடிப்ப. பிடிக்கறதுக்குக் கை நடுங்கினா பரவால்ல. வா."

"இன்னும் கொஞ்சம்தானே இருக்கு. நீங்களே..."

"வாம்மான்னா."

அவர் ஏற்கெனவே விளிம்பில் கையை ஊன்றிவிட்டார். அவள் குனிந்து வால்களைப் பொறுக்கப் பார்த்தாள். ஒன்று கையில் வந்தது. மற்றவை விலாச்சட்டத்துக்கு அடியில் உருண்டுவிட்டன. அதற்குள் அவர் ஒரு காலை உள்ளே போட்டுவிட்டார். அவள் இறங்க வேண்டியதாயிற்று. பக்கத்தில் கடந்தபோது அவருடைய சட்டையில், தகடு துடைக்கிற அசிட்டோன் வாடை அடித்தது. முகத்தில் மூன்று நாள் தாடி, வெள்ளையாக. அவளைப் பார்த்து, "பயப்படாத. சுத்தியலைத் தூக்கி விட்டா போதும், அதுவே அடிச்சுக்கும்," என்றார்.

அவள் வாளி மேல் உட்கார்ந்தாள். ரிவெட்டைச் சீலன்டில் தோய்த்தாள். ஓட்டையில் நுழைத்தாள். சுத்தியலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

உள்ளே அவர் உட்கார இடம் தேடுகிற சத்தம். இரும்புக் கட்டி தகட்டில் உரசியது. பிறகு அதுவும் இல்லை.

"பிடிச்சிருக்கீங்களா மாமா?"

 ஏதோ சின்னதாக ஒன்று உள்ளங்கையில் விழுகிற சத்தம். அப்புறம் இன்னொன்று. இரண்டும் உரசிக்கொண்டன. பிறகு மூன்றாவது. அவர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. திருப்பிப் பார்ப்பார், கட்டைவிரலால் ஓரத்தைத் தடவுவார். சாய்ந்த வால் ஒரு பக்கம் நாக்கு நீட்டியதுபோல இருக்கும். இருட்டிலும் விரலுக்குத் தெரியும்.

கொட்டகைக்கு வெளியே ஆறு போய்க்கொண்டிருந்தது. மூன்று நாளாக அந்தச் சத்தம் நிற்கவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"இதுல எதும்மா சாஞ்சது?" என்றார்.

கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல இருந்தது.

"எதுவும் இல்ல மாமா."

"எல்லாம் நல்லாத்தானே இருக்கு."

"ஆமா மாமா."

"என் கை போகல."

"போகல மாமா."

மூச்சை இழுத்துவிடுகிற சத்தம் தகடு வழியாகக் கேட்டது. ஒரு கணம் அதில் நிம்மதிகூட இருந்ததுபோல் அவளுக்குப் பட்டது.

"நான் போகக் கூடாதுன்னா போகாதீங்கன்னு சொல்லியிருக்கலாமே. உங்க அத்தைதான் ஏவிவிட்டாளா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு? உனக்கு உன் புருஷன் வேண்டாமா? நான் தேடப் போறது உன் புருஷனைத்தானே? உலகத்துல வேற யாரு தடுத்தாலும் நீ தடுக்க மாட்டேன்னு நினைச்சேன். எல்லாரும் போகாதேங்கறாங்க, இந்தப் பொண்ணு ஒண்ணுதான் வாய் திறக்காம வந்து கட்டியைப் பிடிக்குது, அவன் இருக்கான்னு அதுக்குத் தெரியும்னு நினைச்சேன். அதுக்குத் தெரி..."

அந்த இடத்தில் நிறுத்தினார்.

அவள் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டாள். எதிரே தகடுதான் தெரிந்தது. சிவப்பு வட்டங்கள், சீலன்ட் பிதுங்கிய ரிவெட் தலைகள், அவர் கையின் கறுப்பு ரேகைகள். அவர் முகம் தெரியவில்லை. அவள் முகமும் அவருக்குத் தெரியாது. அது ஒன்றுதான் உதவியாக இருந்தது.

"மாமா," என்றாள். "மத்தியானம் தம்பி ஃபோன்ல..."

"அடிம்மா," என்றார்.

"மாமா."

"பிடிச்சிருக்கேன். அடி. சீலன்ட் காஞ்சுடப் போகுது."

கட்டியை ரிவெட்டின் வாலில் வைத்து அழுத்தினார். ரிவெட்டின் தலை ஓட்டையிலிருந்து ஒரு நூல் வெளியே நகர்ந்தது. அவர் அவ்வளவு பலமாக அழுத்திக்கொண்டிருந்தார்.

"அடின்னு சொல்றேன்ல?"

அவள் சுத்தியலைத் தூக்கினாள். ஒரு அடி அடித்தால் போதும், அவர் தட்டுவார், அடுத்த ரிவெட் வரும், அதற்கு அடுத்தது வரும். இருட்டும்வரை இருவரும் இப்படியே இருந்துவிடலாம். விடிந்ததும் அவர் போவார்.

சுத்தியலைத் தரையில் வைத்தாள். வாயைத் திறந்தபோது தன் குரல் இவ்வளவு சாதாரணமாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"அவர் செத்துட்டாரு மாமா. காலைல மதகுக் கம்பியிலேர்ந்து எடுத்தாங்களாம். தம்பி பாத்துட்டாரு. அவர்தான்."